பிரிசில்லாவின் கீழ் உதடு

பிரிசில்லா முதன்முதலாக அந்தப் பல் மருத்துவமனைக்கு வந்தபோது கையில் டிரம்பெட் பெட்டி இருந்தது. செங்கல்பட்டு பேருந்து நிலையத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்தவள், கூப்பிட்டதும் விறுவிறுவென்று உள்ளே போய் நாற்காலியில் ஏறிச் சாய்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே சின்ன டாக்டராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த ஹாதியா, "பெட்டியைக் கீழ வச்சிடலாமேக்கா" என்றாள்.

"கீழ வச்சா எவனாவது காலால இடிப்பான். மடியிலயே கெடக்கட்டும். நீ பல்லப் பாரு."

ஹாதியா பார்த்தாள். கீழ்வரிசையின் முன்பற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் கூட்டத்தில் தோளைத் திருப்பிக்கொண்டு நிற்பவனைப்போல வெளியே நீட்டியிருந்தது. அதன் விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்னக்கா?"

"மெழுகு. ஈஸ்டருக்குக் கோயில்ல குடுப்பாங்களே, அந்த மெழுகுவத்தி. டிரம்பெட்டு மௌத்பீஸ உதட்டுல வச்சி அழுத்த சொல்ல இந்தப் பல்லு உதட்ட உள்ளேர்ந்து அறுக்குது. மெழுக உருட்டி அப்பிட்டா அறுக்காது. எங்க பேண்டுல எல்லாரும் அப்பிடித்தான். கடை மெழுகு ஆவாது, வாயிலயே உதுந்துபூடும்."

"இது எப்பலேர்ந்து இப்படித் திரும்பியிருக்கு?"

"சின்ன வயசுல நேராத்தான் இருந்துச்சி. இப்ப மூணு நாலு வருசமா கொஞ்சங்கொஞ்சமா திரும்பிக்கினே கீது. ஒசரத்துல ஊத சொல்ல அந்த எடத்துல காத்து பூடுது. பாரு தங்கச்சி, நான் லீடு. மொத ஊதல் என்னுது. நான் எடுத்துக் குடுத்தாத்தான் மத்தவங்க ஊதுவாங்க. காத்து போச்சின்னா லீடு போச்சி. எனுக்கு இந்தப் பல்லு நேரா ஆவணும். வேற ஒண்ணும் வாணாம்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்த்தாடையின் இரண்டு கோடியிலும் ஞானப்பற்கள் வெளியே வராமல், எலும்புக்குள் படுக்கைவசமாகக் கிடந்தன. இடது பக்கத்துப் பல்லின் வேர், உதட்டுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"பின்னாடி எப்பவாவது வலிச்சிருக்காக்கா? வீங்கியிருக்கா?"

"இல்ல."

"சாப்பிடறப்ப கூட?"

"இல்லன்னு சொல்றேன்ல. இன்னா கீது அங்க?"

"ஞானப்பல் ரெண்டு உள்ளேயே படுத்திருக்கு."

பிரிசில்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதான பாத்தேன். அதான் தள்ளுது. எங்க பேண்டு வேன்லயும் இதே கததான். ஒரே பெஞ்சியில அஞ்சி பேரு ஒக்காந்திருப்போம். கடைசியா பெரிய டிரம்மு சந்திரம்மா ஏறுவா. அவ ஒக்காந்தான்னா, அந்தக் கோடியில கீறவ ஜன்னலுக்கு வெளிய தொங்கணும்."

ஹாதியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுக்கா" என்றாள். அவள் குரல் எப்போதுமே அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அதற்குள் பெரிய டாக்டர் உள்ளே வந்துவிட்டார்.

"நீங்க சொன்னது ரொம்பச் சரிம்மா" என்றார் அவர் மலர்ந்த முகத்தோடு. சுவரில் அவரே அச்சடித்து ஒட்டிய படம் ஒன்று இருந்தது. கடைசிப் பல்லிலிருந்து முன்பல் வரைக்கும் சிவப்பு அம்புக்குறி. அதைக் காட்டினார். "பின்னாடி இருக்கிறது தள்ளுது, முன்னாடி இருக்கிறது கோணுது. ரெண்டையும் எடுத்துடுவோம்."

"எடுத்தா முன்பல்லு நேரா ஆவுமா?"

"மேற்கொண்டு கோணாதும்மா."

"நேரா ஆவுமான்னு கேட்டேன்."

"முதல்ல தள்ளுறதை நிறுத்துவோம். மிச்சத்தை அப்புறம் பாக்கலாம். வாயைத் திறங்க."

அவர் விரல்கள் அவள் வாய்க்குள் இருந்தபோது, ஹாதியா ஆங்கிலத்தில் பேசினாள். ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் நெருங்குகிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லையே, ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயதாக ஆக நெருங்கத்தானே செய்கிறது, வலியே இல்லாத பல்லை எதற்கு எடுக்க வேண்டும், இடது வேர் நரம்பைத் தொடுகிறதே, இவர் உதட்டால் பிழைப்பவர் ஆயிற்றே என்று வரிசையாகக் கேட்டாள். பெரிய டாக்டரும் ஆங்கிலத்திலேயே, புத்தகம் படித்தவர்கள் எல்லாரும் முதல் வருடத்தில் இப்படித்தான் பயப்படுவார்கள் என்றார்.

வாய் விடுபட்டதும் பிரிசில்லா, "இன்னா சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. எக்ஸ்ரேயப் பத்திப் பேசினோம்."

பிரிசில்லா ஹாதியாவைப் பார்த்தாள். ஹாதியா, "நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்கக்கா" என்றாள்.

"யோசிக்க இன்னா கீது? எடுத்துடுங்க சார்."

பிரிசில்லா செய்யூர் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் கடலைக்காய் பிடுங்கவும் போனவர்கள். அவள் டிரம்பெட்டைக் கையில் எடுத்தது யாரும் எடுத்துக் கொடுத்து அல்ல. குருத்தோலை ஞாயிறன்று கோயில் பேண்டில் ஊதுகிறவன் ஒருவன் முந்தின நாள் கல்யாணத்தில் குடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. கருவி பெஞ்சின்மேல் சும்மா கிடந்தது. பத்தாம் வகுப்பில் தோற்று வீட்டில் இருந்த பிரிசில்லா அதை எடுத்து வாயில் வைத்து ஊதினாள். மாடு கத்தியதுபோல ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மேல் வந்த கோபத்தில்தான் கற்றுக்கொண்டேன் என்று அவளே சொல்லுவாள். சவுக்குத் தோப்புக்குள் போய் நின்று, உதடு வீங்கும் வரை ஊதினாள். அடுத்த குருத்தோலைக்கு அந்த ஆள் தெளிவாகத்தான் வந்தான். ஆனால் அவனுக்கு இடம் இல்லை.

கோபம்தான் அவளுக்குச் சோறு. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார், "பொம்பள வாயில இன்னாத்துக்கு கொம்பு?" என்று கேட்டதற்கு, சமையலறை வாசலில் நின்று மறுபடி கேட்க முடியாத அளவுக்கு ஊதிக் காட்டினாள். கணவன் ஜான்சன் சிறுசேரிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவன். சாது. "நான் ஹாரன் அடிக்கறேன், அவ ஊதறா. ஒரே தொழில்தான்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வான்.

சின்னராசு என்பவன் பெண்கள் பேண்டு செட்டு ஆரம்பித்தபோது முதலில் தேடி வந்தது அவளைத்தான். மாமல்லபுரம் கடற்கரை ஓரத்து ரிசார்ட்டுகளில் வடக்கத்திக்காரர்களின் கல்யாணம் பெருகிய காலம். மாப்பிள்ளை குதிரைமேல் வர, முன்னால் சிவப்புக் கோட்டும் வெள்ளை ஷூவும் போட்ட பெண்கள் வாசித்துக்கொண்டு நடப்பது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கடற்காற்று எதிரே அடிக்கும். அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு முதல் ஊதல் போக வேண்டும். குதிரையே அந்த ஊதலுக்குத்தான் கால் எடுத்து வைக்கும் என்பாள் பிரிசில்லா. சில்லறைத்தனமாக யாராவது கோட்டைத் தொட்டால் வாசிப்பை நிறுத்தாமலே முழங்கையால் ஒன்று கொடுப்பாள். ஊதும் இடத்துக்காக அவள் யாரிடமும் பல்லைக் காட்டியதில்லை. அந்த இடம்தான் இப்போது ஒரு பல்லால் ஆடிக்கொண்டிருந்தது.

இடது பக்கத்துப் பல்லை முதலில் எடுத்தார்கள். பெரிய டாக்டர் எலும்பை அறுத்து, பல்லைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார். ஹாதியா பக்கத்தில் நின்று எச்சிலும் இரத்தமும் உறிஞ்சும் குழாயைப் பிடித்தாள். வேர் கடைசியாகப் பெயர்ந்தபோது, மரத்துப்போக மருந்து போட்டிருந்தும் பிரிசில்லாவின் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. "அவ்வளவுதான்மா, முடிஞ்சிது" என்றார் டாக்டர்.

தையல் பிரிக்க வந்த அன்று பிரிசில்லா தன் கீழ் உதட்டின் இடப்பக்கத்தைக் கிள்ளிக் காட்டினாள். நகம் பதிந்தது. முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.

"பாத்தியா? வேற யாரோட உதட்டையோ கிள்ற மாதிரி கீது. டீ குடிச்சா மோவாயில வழியறது தெரியல. ஜான்சன் சொல்லித்தான் தொடச்சிக்கறேன். மருந்து இன்னும் எறங்கலியா?"

மருந்து அன்றைக்கே இறங்கியிருக்கும். ஹாதியா டாக்டரைப் பார்த்தாள். "போகப் போகச் சரியாயிடும்மா. சத்து மாத்திரை எழுதித் தரேன்" என்றார் அவர். "அடுத்த பக்கத்தை எப்ப வச்சுக்கலாம்?"

"இந்தப் பக்கத்த மொதல்ல திருப்பிக் குடு" என்றாள் பிரிசில்லா.

அதற்குப் பிறகு நடந்ததை அவளே வந்து வந்து சொன்னாள். மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்கே கேட்கும்படி சொன்னாள். ரிசார்ட்டில் குதிரை கிளம்பும் நேரம். அவள் டிரம்பெட்டைத் தூக்கி உதட்டில் வைத்தாள், வைத்ததாக நினைத்தாள். மௌத்பீஸ் இடப்பக்கம் நழுவி மோவாயில் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. ஊதினாள். காற்றுதான் வந்தது. எச்சில் ஒழுகிக் கோட்டின் பொன்னிழைமேல் விழுந்தது. வீடியோ எடுத்தவன் அதையும் எடுத்தான். பின்னாலிருந்த ஸ்ரீதேவி, அவளைவிடப் பத்து வயது இளையவள், சட்டென்று அந்த ஊதலை எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றினாள். குதிரை நடந்தது.

"அவ நல்ல பொண்ணுதான்" என்றாள் பிரிசில்லா. "அதான் ஆத்திரமா வருது. கெட்டவளா இருந்தாலாவது திட்டலாம்."

சின்னராசு அவள் கையில் மரக்காஸைக் கொடுத்தான். உள்ளே மணி போட்டு ஆட்டுகிற கிலுகிலுப்பை. கடைசி வரிசை. "சும்மா ஆட்டிக்கினு வா, உதடு சரியாவற வரைக்கும்" என்றான். "நான் இன்னா தொட்டில்ல கீற கொழந்தையா?" என்று கேட்டவள், கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது?

ஒரு சாயங்காலம் ஹாதியா புதுப்பட்டினத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கல்யாண மண்டபத்தை நோக்கி ஓர் ஊர்வலம் போயிற்று. சிவப்புக் கோட்டுகள். கடைசி வரிசையில் பிரிசில்லா, இரண்டு கையிலும் மரக்காஸ், கோழியின் கழுத்தைத் திருகுகிறவள்போல ஆட்டிக்கொண்டு வந்தாள். ஹாதியாவைப் பார்த்தாள். தலையசைக்கவில்லை. பார்வையை எடுக்கவும் இல்லை. ஊர்வலம் திரும்பும் வரைக்கும் ஹாதியாவையே பார்த்துக்கொண்டு ஆட்டிக்கொண்டே போனாள்.

அன்று ஹாதியாவுக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. யார்மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். அந்தச் சிவப்பு அம்புக்குறி. 'முதல் வருடத்தில் பயப்படுவார்கள்.' ஒரு பெண்ணின் வாயைத் திறந்து வைத்துவிட்டு, அவள் வாயைப் பற்றியே அவளுக்குப் புரியாத மொழியில் இரண்டு படித்தவர்கள் பேசிக்கொண்டது. கல்லூரியில் ஐந்து வருடம் படித்த எதுவும் தமிழில் அவள் நாக்குக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் ஐந்து காரணம் சொன்னவளுக்குத் தமிழில் வந்தது, 'யோசிச்சு முடிவு பண்ணுங்கக்கா' மட்டும்தான்.

அடுத்த நாள் காத்திருப்பு அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது பிரிசில்லா வந்தாள். உட்காரவில்லை. பெரிய டாக்டரின் அறைக் கதவு திறந்திருந்தது. அவரை வெளியே அழைத்தாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மொத நாளு என் வாய்க்குள்ள கைய வச்சிக்கினு ரெண்டு பேரும் இங்கிலீசுல பேசிக்கினீங்களே. இன்னா பேசினீங்க?"

"அதெல்லாம் எங்க தொழில் சம்பந்தப்பட்டதும்மா. சொன்னா உங்களுக்குக் குழப்பமாயிடும்."

"வாயி என்னுது. கொழப்பமும் என்னுதா இருந்துட்டுப் போவுது."

"உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்."

"நீ சொல்லு" என்று ஹாதியாவின் பக்கம் திரும்பினாள் பிரிசில்லா.

ஹாதியா கையுறையைக் கழற்றினாள்.  பேசியபோது அவளுக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. "வேன் பெஞ்சு மாதிரி இல்லக்கா. ஒவ்வொரு பல்லும் எலும்புல தனித்தனியா ஊணின கம்பு மாதிரி. வயசாக ஆகக் கீழ்த்தாடையில முன்னாடி இடம் குறையும். ஞானப்பல் இருந்தாலும் குறையும், இல்லாட்டியும் குறையும். உங்க பின்பல் உங்களை ஒண்ணும் பண்ணல, தூங்கிட்டிருந்தது. அதோட வேர் உதட்டு நரம்பு மேல இருந்தது. எடுத்தா மரத்துப்போக வாய்ப்பிருக்குன்னு எக்ஸ்ரேயிலயே தெரிஞ்சிது. அதை இவர்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னேன்."

 நாற்காலியில் காத்திருந்த ஒருவர், கையிலிருந்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். அவருக்கு மறுநாள் ஞானப்பல் எடுப்பதாக இருந்தது.

"ஹாதியா, உள்ள வா" என்றார் டாக்டர். முகத்தில் மலர்ச்சி இல்லை.

பிரிசில்லா அவரைத் திட்டுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் ஹாதியாவைத்தான் திட்டினாள். "இவ்ளோ தெரிஞ்சிகினு அன்னைக்கு இன்னாத்துக்கு மெழுகு முழுங்கின மாதிரி நின்னே? அந்த ஆளு பொய் சொல்லி என்னை ஏமாத்தினான். அது அவன் பொழப்பு. நீ உண்மையச் சொல்லியும் எனுக்குக் கேக்கல. இது இன்னா பொழப்பு?"  அந்தத் திட்டுக்குள் ஒரு கண்டிப்பான நியாயம் இருந்ததால் ஹாதியா தலையைக் குனியவில்லை, கேட்டுக்கொண்டாள்.

அந்த மாதத்தோடு ஹாதியாவுக்கு அங்கே வேலை இல்லை. புதுப்பட்டினத்தில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்தாள். அங்கே பல்லுக்கு வருகிறவர்களிடம் தமிழில் சொல்லிப் பழகினாள். சொல்லத் தெரியாத இடத்தில் காகிதத்தில் வரைந்து காட்டினாள். பெரிய டாக்டரின் சுவரில் அந்தப் படம் இன்னும் இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

பிரிசில்லாவை ஹாதியாவே நரம்பு பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், காத்திருக்கத்தான் வேண்டும் என்று நேராகச் சொன்னார்கள். "இதையாவது தமிழ்ல சொன்னாங்க" என்றாள் பிரிசில்லா. மாதங்கள் போனபின் மோவாயில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு வந்தது. உதட்டுக்கு வரவில்லை. முன்பல்லோ, பின்பல் போனது தெரியாததுபோல, திரும்பியபடியேதான் நின்றது. மெழுகும் அதன்மேல் இருந்தது.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. மறுபடி சவுக்குத் தோப்புக்குள் போனாள். உணர்ச்சி இருக்கிற வலப்பக்கத்துக்கு மௌத்பீஸை நகர்த்தி வைத்து, முதலிலிருந்து பழகினாள். மாடு கத்துகிற சத்தத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். இப்போது சிரிக்க யாரும் இல்லை. அதனாலேயே கோபத்தை அவளே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த டாக்டரின் மலர்ந்த முகத்தை நினைத்துக்கொள்வாளாம். நினைத்தால் ஒசரத்து ஊதல் கூட வந்துவிடுமாம். கண்ணாடியை ஒரு மரத்தில் மாட்டி, அதைப் பார்த்துத்தான் உதட்டை வைத்தாள். கண்ணாடி இருக்கும் வரை சரியாக வந்தது. ஊர்வலத்தில் கண்ணாடி பிடித்துக்கொண்டு யார் முன்னால் நடப்பார்கள்?

ஸ்ரீதேவிக்குப் பிரசவத்துக்கு நாள் நெருங்கியபோது சின்னராசு வேறு வழியில்லாமல் இறங்கி வந்தான். மாமல்லபுரத்தில் ஒரே ஒரு கல்யாணம். அதில் அவள் லீடு. சரியாக வந்தால் இடம் அவளுடையது. நழுவினால் கடைசி வரைக்கும் மரக்காஸ்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

அதற்கு முந்தின நாள் அவள் புதுப்பட்டினத்துக்கு வந்தாள். கிளினிக்கின் நாற்காலியில் பழையபடி டிரம்பெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல்லைக் காட்டவில்லை.

"நாளைக்கு நீ ரிசார்ட்டுக்கு வரணும்" என்றாள். "குதிரைக்கு மின்னாடி, எனுக்கு எதுர்க்க பின்னுக்கு நடந்துகினே வா. என் உதட்ட மட்டும் பாரு. பொண்ணு மாப்பிள்ளையப் பாக்காத. இடப்பக்கம் நழுவுச்சின்னா எனுக்குத் தெரியாது. எச்சி ஒழுகினாலும் தெரியாது. நீ கையத் தூக்கணும். நூறு பேரு வேடிக்க பாப்பாங்க, வீடியோக்காரன் தள்ளிப் போன்னு கத்துவான். அதுக்குக் கூச்சப்பட்டுகினு பாதிக் கையி தூக்காத, தங்கச்சி. எனுக்குத் தெரியற மாதிரி முழுசாத் தூக்கு."